எல்லா நிறத்திலும் ஒரே கீறல்

போன மாதம் எங்கள் வீட்டுக் குசினியில் பாதி மின்சாரம் நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது, அடுப்பு வேலை செய்யவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி இல்ஃபோர்ட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரீஷியன் வந்தார். எங்கள் ஆள்தான், முப்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தன் வான் வண்டியிலிருந்து மூன்று கருவிப் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்டித் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு உள்ளே வைத்தார். அடியில் நீலம், நடுவில் மஞ்சள், மேலே பச்சை. மூன்று நிறமும் மூன்று கம்பனிகளுடையவை. பக்கக் கிளிப்புகளைப் பெருவிரலால் தட்டினார். டக், டக். பெட்டிகள் பிரிந்தன. கையில் தேநீர்க் கோப்பையோடு நின்ற எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அவர் மின்பெட்டியைப் பார்க்க ஏணியில் ஏறிய நேரம், யாரோ வீட்டுப் பொருளைத் திருடுகிறவள் மாதிரி குனிந்து, பச்சைப் பெட்டியின் பின்பக்கம், மூடி மடங்கும் இடது பிணைச்சலுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். இருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு மேடாக எழும்பிய மெல்லிய வரம்பு. மஞ்சளிலும் இருந்தது. நீலத்திலும் இருந்தது. அதே இடம், அதே நீளம்.

அந்தப் பெட்டிகளைச் செய்த தொழிற்சாலையில் நான் பதினொரு வருடம் வேலை செய்தேன். ஹவுன்ஸ்லோவுக்குக் கொஞ்சம் வெளியே, விமானங்கள் தரையிறங்கச் சில்லை இறக்கிக்கொண்டு தலைக்கு மேல் போகும் இடத்தில், வரிசையாக நிற்கும் தகரக் கூரைக் கட்டடங்களில் அதுவும் ஒன்று. துளைக்கிற மெஷின், அறுக்கிற மெஷின் என்று விற்கும் பெரிய கம்பனிகள் கருவியைத்தான் தாங்கள் செய்கின்றன, அதைப் போட்டு விற்கும் பெட்டியை எங்களைப் போன்ற ஓரிடத்தில் செய்விக்கின்றன என்பது வேலைக்குச் சேரும்வரை எனக்கும் தெரியாது. மோல்ட் என்று நாங்கள் சொல்வது இரண்டு பாதியாகப் பிரியும் ஒரு பெரிய உருக்குக் கட்டை. அது மூடும்போது உள்ளே பெட்டியின் வடிவத்தில் ஓர் இடைவெளி இருக்கும். உருகிய பிளாஸ்டிக் அதற்குள் பாய்ந்து, குளிர்ந்து, மோல்ட் திறந்ததும் பெட்டி விழும். திங்கட்கிழமை நீலப் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டினால் நீலப் பெட்டி. வியாழக்கிழமை மஞ்சள் மணிகளைக் கொட்டினால் மஞ்சள் பெட்டி. அடுத்த கிழமை பச்சை. மூடியில் அந்தந்தக் கம்பனியின் பெயர்த்தகட்டை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. கடையில் ஒன்றுக்கொன்று பரம எதிரிகளாக விலை பேசிக்கொண்டு நிற்பவை எல்லாம் எங்கள் மூன்றாம் மெஷினின் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அது வெளியே தெரியக்கூடாது என்பதுதான் அங்கே முதலாவது சட்டம். ஒவ்வொரு கம்பனிக்கும் "இது உங்களுக்கென்றே வெட்டிய மோல்ட்" என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார். மஞ்சள்காரர் பார்க்க வருகிற நாளில் நீலமும் பச்சையும் கறுப்புத் தார்ப்பாய்க்குள் போய்விடும், எங்களுக்கு மஞ்சள் பெனியன் தருவார்கள். நீலக்காரர் வருகிற நாளில் நீலப் பெனியன். ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணத்தை வைத்துவிட்டு ஒரு வீட்டுக்காரர் மற்ற வீட்டுக்காரரைக் காணாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி நாங்கள் ஓடித்திரிவோம். எங்களுக்கு அது பெரிய பகிடி. பெனியனை மாற்றும்போது, "இண்டைக்கு ஆற்றை ஆக்கள் நாங்கள், மஞ்சளோ நீலமோ?" என்று கேட்டுச் சிரிப்போம்.

அங்கே முப்பது பேரில் இருபது பேர் தமிழர். இருபது பேரையும் கொண்டுவந்து சேர்த்தவர் சுப்பர்வைசர். அவரை எல்லோரும் பெரியண்ணை என்றுதான் கூப்பிடுவோம். என்னையும் அவர்தான் சேர்த்துவிட்டார், என் கணவருக்குத் தூரத்து உறவு. வேலை எடுத்துத் தந்த கையை வாழ்நாள் முழுக்க நாங்கள் கும்பிட வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அவருடைய கொடுமையில் கூச்சல் கிடையாது, அடி உதை கிடையாது. ஆளை எல்லோருக்கும் முன்னால் சின்னதாக்குவார், அவ்வளவுதான். அதை ஒரு கலையாகவே பழகி வைத்திருந்தார்.

பித்தளைக் கோல் விஷயம் ஒன்றைச் சொன்னால் ஆளை விளங்கிக்கொள்ளலாம். சில நேரம் பெட்டி மோல்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, கையால் எடுக்க வேண்டும். அப்போது இரும்பு எதுவும் மோல்டில் படக்கூடாது, பித்தளைக் கோலால்தான் நெம்ப வேண்டும். பித்தளை மிருதுவானது, மோல்டில் கீறல் விழாது. உருக்கில் ஒரு கீறல் விழுந்தால் அதன் பிறகு வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் அது ஒரு மேடாக எழும்பி நிற்கும். முதலில் ஒவ்வொரு மெஷினின் பக்கத்திலும் ஒரு கோல் கொளுக்கியில் தொங்கியது. ஒருமுறை இரண்டு கோல்கள் காணாமல் போயின. யாரோ பழைய உலோகக் கடையில் விற்றுவிட்டார்கள் என்று சொல்லி, பெரியண்ணை எல்லாக் கோல்களையும் எடுத்துத் தன் கண்ணாடி அறை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து பெட்டி ஒட்டினால் அவர் அறைக்குப் போய் நின்று கேட்க வேண்டும். அவர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன, ஒட்டிப்போச்சோ? ஒட்டினது மோல்டோ, உம்மடை கையோ?" என்று வெளியே எல்லோருக்கும் கேட்கக் கேட்பார். புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி அப்படி நின்று அழுதுவிட்டாள். பெட்டி துடைக்கிற எண்ணெய்த் துணியை எடுத்து நீட்டி, "இந்தாரும், முகத்தைத் துடையும்" என்றார். அவள் துடைத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு கோல் கேட்டுப் போகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆளாளுக்குக் கையில் கிடைத்ததால் நெம்பினார்கள்.

மன்னார் அண்ணை எங்களிடம் வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். மன்னாரிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பெயர், ஐம்பதை நெருங்கிய மெலிந்த மனிதர். மனைவி வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருக்கும்போது ஊரை விட்டுப் புறப்பட்டவர். இந்த நாட்டில் அகதி என்று ஏற்றுக்கொள்ளாமல் பல வருடம் அலைக்கழித்து, கடைசியில் நீண்ட காலம் இருந்ததற்காக வதிவிட உரிமை கொடுத்தார்கள். மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். ஆனால் அவர் ஒரே இடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்ததற்குச் சம்பளத் துண்டுகள் காட்ட வேண்டும், மகளுக்குப் பதினெட்டு வயது முடிவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஆறாவது துண்டு கைக்கு வந்து ஒரு மாதத்தில் மகளுக்குப் பிறந்தநாள். அவர் சேர்ந்த தேதியே அப்படி அமைந்துவிட்டது. ஒரு துண்டு பிசகினாலும் மகள் வர முடியாது. பிறந்த நாளிலிருந்து அவர் தொட்டுப் பார்க்காத மகள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் சொல்லாமல் விட்ட ஆள் அங்கே ஒருவரும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவரைப் பிடிக்காது. துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். மகளின் படத்தை மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் காட்டுவதுபோல் காட்டுவார். நாள் முழுக்க மாதா பாட்டை மூக்கால் முனகிக்கொண்டு, என் மெஷினுக்கு எதிர்ப்பக்க மேசையில் நின்று கிளிப் பொருத்துவார். அவர் வேலை அதுதான், மெஷினைத் தொடுவதே இல்லை. வேலை தொடங்குமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். "பாதர், பூசை முடிஞ்சுதோ? நாங்கள் தொடங்கலாமோ?" என்று பெரியண்ணை ஒவ்வொரு காலையும் கேட்பார். எல்லோரும் சிரிப்போம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்திருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

"இன்னும் இரண்டு துண்டு, தங்கச்சி. பிறகு நான் ராசா" என்றார் ஒருநாள், நான்காவது துண்டை உறைக்குள் வைத்துக்கொண்டு.

அடுத்த கிழமை என்று நினைக்கிறேன், நடுக்காலையில் என் மெஷினில் ஒரு நீலப் பெட்டி ஒட்டிக்கொண்டது. அதற்கு முதல் நாள்தான் நான் கோல் கேட்டுப் போய், என் உடம்பு பெருத்துவிட்டதைப் பற்றி முழுத் தளத்துக்கும் கேட்கிற மாதிரி ஒரு பகிடியை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். இன்னொரு தரம் அந்தக் கதவடியில் போய் நிற்க என்னால் ஏலவில்லை. மேசையில் கிடந்த ஸ்குரூடிரைவரை எடுத்து உள்ளே விட்டு நெம்பினேன். பெட்டி வந்தது. வரும்போது கிறீச் என்று ஒரு சின்னச் சத்தம், பல்லைக் கூசவைக்கிற சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் மன்னார் அண்ணை கிளிப்பைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அது இரும்பெல்லோ" என்றார், மெதுவாக.

"உங்கடை வேலையைப் பாருங்கோ" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். அடுத்த பெட்டி விழுந்தது. பிணைச்சலுக்குக் கீழே நூல் மாதிரி ஒரு கோடு. கடைசிப் பரிசோதனையும் என் கையில்தான் இருந்தது. நான் அதை நல்ல பெட்டிகளோடு வைத்தேன். அன்று நீலம், வியாழக்கிழமை மஞ்சள், பிறகு பச்சை. எல்லாவற்றையும் நல்லது என்று அடுக்கினேன்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மஞ்சள் கம்பனியிலிருந்து ஒரு படம் வந்தது, பிணைச்சலடியில் இது என்ன கோடு என்று. நான்கு நாள் கழித்து நீலக் கம்பனியிலிருந்து இன்னொரு படம். அதே கோடு, அதே இடம். இதற்கிடையில் மஞ்சள்காரர் ஒருவர் ஏதோ கண்காட்சியில் நீலப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டார். இரண்டும் ஒரே மோல்டா என்று முதலாளிக்கு நேரே போன் எடுத்தார். தொழிற்சாலையே பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் முதலாளிக்கு ஒரு பொய் தோன்றியது, பொய்யிலும் நல்ல வேலைப்பாடான பொய். மோல்ட் இரண்டுதான், ஆனால் இரண்டையும் துப்புரவு செய்தது ஒரே தொழிலாளி, அந்த ஆளுக்கு ஒரு பிழையான கைப்பழக்கம், அதனால் இரண்டிலும் ஒரே இடத்தில் கீறிவிட்டார், அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், நீக்கிய கடிதத்தின் பிரதி இதோ. அந்தக் கடிதம் இருந்தால் ரகசியம் தப்பும். கடிதத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

பெரியண்ணை என்னைக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். லாச்சியை இழுத்தார். பித்தளைக் கோல்கள் வரிசையாகக் கிடந்தன, புதுச் சாமான் மாதிரி மினுங்கிக்கொண்டு.

"மூண்டாம் மெஷினிலை நிண்டது நீர்தான் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "உம்மை விசாரிச்சால் நீர் நல்ல இங்கிலீசிலை பித்தளைக் கதையைச் சொல்லுவீர். பிறகு கேள்வி என்னட்டை வரும். அதாலை உம்மை விசாரிக்கிறேல்லை. பாதரை விசாரிப்பம். அவனுக்குத்தான் இங்கிலீசு தெரியாதே."

"அவர் மெஷினைத் தொடுறதே இல்லை அண்ணை" என்றேன். "இந்த மாதம் அவருக்கு ஆறாவது துண்டு."

"அப்ப நீர் போம். உம்மடை பேரை எழுதட்டோ?"

நான் லாச்சிக்குள் கிடந்த கோல்களைப் பார்த்தேன். அவர் லாச்சியைத் தள்ளிப் பூட்டினார். "மொழிபெயர்க்க ஓர் ஆள் வேணுமாம். நான் உம்மடை பேரைக் குடுத்திட்டன்" என்றார்.

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை போயிருந்தால் குடும்பம் தெருவுக்கு வந்திருக்காது. கணவர் விமான நிலையத்தில் நிரந்தர வேலையில் இருந்தார். எனக்கு ஆங்கிலம் தெரியும், அதே தெருவில் இன்னொரு தொழிற்சாலையில் இரண்டு கிழமைக்குள் வேலை எடுத்திருப்பேன். பிள்ளைகளின் பசி, வீட்டுக் கடன் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அவமானத்துக்குப் பயந்தேன், வேறு காரணமே இல்லை. என் பெயரைச் சொல்லி அந்த இருபது பேரும் சிரிப்பார்கள் என்ற பயம். ஓர் ஆளின் மகளைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

விசாரணை மேல் மாடியில், விமானச் சத்தம் கேட்காதபடி இரட்டைக் கண்ணாடி போட்ட அறையில் நடந்தது. வெள்ளைக்கார மனேஜர், ஆள் எடுப்பு, நீக்கம் பார்க்கும் ஆளணிப் பிரிவுப் பெண் ஒருத்தி, பெரியண்ணை, நான், மன்னார் அண்ணை. மனேஜர் மரியாதையான மனிதர், தண்ணீரைத் தானே ஊற்றி மன்னார் அண்ணை பக்கம் தள்ளி வைத்தார். மன்னார் அண்ணை ஞாயிறு பூசைக்குப் போகிறவர்போலத் தலையை ஈரமாக வாரி, கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. "நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு தங்கச்சி" என்றார்.

மோல்டை இரும்பால் தொட்டீர்களா என்று மனேஜர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "இல்லையே. நான் கிளிப் போடுறனான்தானே. மெஷினடிக்குப் போறேல்லை" என்றார். சரியாக ஞாபகம் இல்லையாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வாயைத் திறக்கும்வரை அதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு பார்த்தால் அது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

இரண்டு மோல்டுகளிலும் ஒரே மாதிரிக் கீறல் எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்டதும் மன்னார் அண்ணை குழம்பிப்போய் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "இரண்டோ? எங்கை தங்கச்சி இரண்டு இருக்கு? அந்த ஒண்டிலைதானே எல்லா நிறமும் அடிக்கிறம்?" என்றார். பெரியண்ணை மேசையைப் பார்த்துச் சிரித்தார். இரண்டிலும் வேலை செய்ததுண்டாம் என்று நான் சொன்னேன். ஆளணிப் பெண் எழுதிக்கொண்டாள்.

அப்படியானால் இதற்கு வேறு யாராவது பொறுப்பா என்று மனேஜர் கேட்டார். அதையும் தமிழில் கேட்டேன். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவருடைய கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஆரெண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. நான் பேர் சொல்லமாட்டன், அந்த ஆளுக்கும் பிள்ளையள் இருக்கு. நான் இல்லை எண்டதை மட்டும் வடிவாச் சொல்லிவிடுங்கோ."

நான் மனேஜர் பக்கம் திரும்பி, அவர் சொறி சொல்கிறார் என்றேன்.

மன்னிப்புக் கேட்கிற சொறி என்ற சொல் விமானம் ஏறுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம். மன்னாரிலும் அது தெரியும். மன்னார் அண்ணை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கடையில் மீதிக் காசை வாங்கிவிட்டு, இது சரியா என்று கையைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மனேஜர் கேட்டார்.

"இந்த மாதம் முடியுமட்டும் விடச் சொல்லிக் கேளுங்கோ" என்றார். "பத்தொன்பது நாள்தான். நிலம் கூட்டிறன், கக்கூஸ் கழுவுறன். சம்பளம் தராட்டிலும் பரவாயில்லை. துண்டு மட்டும் தரச் சொல்லுங்கோ."

அதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மகளின் பிறந்தநாளையும் சேர்த்துச் சொன்னேன். மனேஜர் உண்மையாகவே வருந்தினார். வேறு யாரோ செய்த பிழை என்றாலோ, சந்தேகம் என்றாலோ யோசித்திருக்கலாம், தானே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவரை எப்படி வைத்திருப்பது, கம்பனிகளுக்குக் கடிதம் இன்றைக்கே போக வேண்டும் என்றார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஏலாதாம் என்று மட்டும் சொன்னேன்.

அரை மணித்தியாலத்தில் அவர் பெட்டகத்தைக் காலி செய்துவிட்டார். ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு செபமாலை, மஞ்சளில் ஒன்று நீலத்தில் ஒன்றாக இரண்டு பெனியன். பெனியன்களை மடித்துப் பெரியண்ணையின் மேசையில் வைத்தார். "பாதர், ஞாயிற்றுக்கிழமையும் லீவோ?" என்று பெரியண்ணை கேட்டார். யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் சிரித்தார். நான் என் மெஷினில் நின்றேன். என் முன்னால் கோடு போட்ட பச்சைப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆத்திரம். மோல்டை வெளியே அனுப்பிக் கீறலை ஒட்டி மினுக்க வேண்டும் என்றால் பல கிழமைகள் மெஷினை நிறுத்த வேண்டும். முதலாளி நிறுத்தவில்லை. உருக்கு வெட்டும் ஆளை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, அந்தக் கீறலையே இன்னும் ஆழமாக, நேராக வெட்டச் சொன்னார். நூல் கோடு ஒழுங்கான வரம்பாகிவிட்டது. பிணைச்சலுக்குப் பலம் கொடுக்கும் புது வரம்பு என்று எல்லாக் கம்பனிகளுக்கும் எழுதினார்கள். கம்பனிகளுக்குச் சந்தோஷம். தங்கள் விளம்பரத் தாளில் அதற்கு ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். பிறகு மோல்ட் தேய்ந்து புதிதாக ஒன்று செய்தபோது அந்த வரம்பையும் சேர்த்தே செய்தார்கள். ஒரு மனிதனின் குடும்பத்தைத் தின்ற பிழை ஆறு கிழமையில் சிறப்பம்சமாகிவிட்டது. பித்தளைக் கோல்கள் மறுபடியும் கொளுக்கிகளில் தொங்கின, பெரியண்ணையே தொங்கவிட்டார். என்னைத் தரப் பரிசோதனைக்குப் பொறுப்பாளி ஆக்கினார்கள். நான் அதை ஏற்றுக்கொண்டேன். அன்று வீட்டில் கேசரி கிண்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பெரியண்ணைக்கு ஒரு கேடும் வரவில்லை. நன்றாக ஓய்வு பெற்றார், பிரிவுபசாரத்தில் எல்லோரும் அழுதார்கள். இப்போது ஒரு கோவில் சபையில் தலைவராக இருக்கிறார், திருவிழாவில் பட்டு வேட்டியோடு முன்வரிசையில் நிற்பார். என்னைக் கண்டால், "எப்பிடி, சுகமோ?" என்று தலையைத் தடவுவார். தொழிற்சாலை பிறகு விற்கப்பட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. மோல்டும் கப்பலில் போனது.

மன்னார் அண்ணையை அதன் பிறகு ஒரே ஒரு தடவை கண்டேன். லூயிஷாம் சந்தையில், மீன் கடைக்கு முன்னால். நான்தான் முதலில் கண்டேன், திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன், ஆனால் அவர் கூப்பிட்டுவிட்டார். முடி முழுக்க நரைத்திருந்தது. போனில் படம் காட்டினார், அதே பழைய பழக்கம். மன்னாரில் கல்யாண வெள்ளை உடுப்போடு ஒரு பெண். "மகளுக்கு முடிஞ்சுது. நான் வீடியோவிலை பார்த்தன். லைன் விட்டு விட்டு வந்தது, தாலி கட்டினதைப் பார்க்கேலாமல் போச்சு" என்றார். மனைவியை மட்டுமாவது கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். அதையும் கேட்கிற வாய் எனக்கு. "அவ மகளைத் தனிய விட்டிட்டு வரமாட்டன் எண்டிட்டா. சரிதானே" என்றார்.

நான் போக வேண்டும் என்று சொல்லிப் பையைத் தூக்கினேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள், அந்த உறை இருந்த அதே பைக்குள், வைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள் எண்டது எனக்கு விளங்கினது தங்கச்சி. அவ்வளவு இங்கிலீசு எனக்குத் தெரியும். பயப்பிடாதேங்கோ, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லி இனி என்ன?"

என்னிடம் மன்னிப்புக் கேட்கும் சொல் இருந்தது, இரண்டு மொழியிலும் இருந்தது. அந்தச் சொல்லை ஏற்கெனவே அவர் பெயரில் செலவழித்துவிட்டேன். "போட்டு வாறன் அண்ணை" என்றேன். அவர், "ஓம், கவனமாப் போங்கோ, ரயில் நெரிசலாயிருக்கும்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சந்தைக்கு நடுவில் நின்று சத்தம் போட்டு என் மானத்தை வாங்கியிருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டார். அது அவருடைய நல்ல மனமா, தண்டனையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கி வந்தபோது நான் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் குந்திக்கொண்டிருந்தேன், விரல் அந்த வரம்பில். அவர் சிரித்தார். "அன்ரி, அதைத்தான் பார்க்கிறீங்களா?" என்றார், பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக. "அந்த லைன் இருக்கில்ல, அது இருந்தாத்தான் ஒரிஜினல். மார்க்கெட்ல டூப்ளிகேட் நிறைய வருது, அதுல இந்த லைன் இருக்காது. நான் வாங்க முன்னம் எப்பவும் அதைத்தான் தடவிப் பார்ப்பன்."

எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் கணவருக்கும் சொல்லாததை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரிடம் சொன்னேன்.

"அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அன்ரி செம பகிடி" என்றார். கருவிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு மூடினார். நீலத்தின் மேல் மஞ்சளை வைத்தார், மஞ்சளின் மேல் பச்சையை வைத்தார், கிளிப்புகளை அழுத்தினார். டக், டக். ஒன்றுக்கொன்று அளவெடுத்ததுபோல் பூட்டிக்கொண்டன. அடுப்பு இப்போது வேலை செய்யும் அன்ரி, ஒருமுறை போட்டுப் பாருங்கோ என்றார். நான் போய்ப் போட்டேன், எரிந்தது.